இட்லிப் பானையும் தோசைக்கல்லும்

2015 டிசம்பர் 2, காலை எட்டரை மணி. அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். சென்டிமீட்டரில் சொன்னால் மழையின் கனம் யாருக்கும் உறைப்பதில்லை. ஒரு கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்வோம். 2,400 சதுர அடி. அந்த மனை மேல் மட்டும் அன்று விழுந்த தண்ணீர் ஏறத்தாழ 1,09,000 லிட்டர். சித்திரை வெயிலில் நாம் வாசலில் நின்று எதிர்பார்க்கும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இருக்கிறதே, அதில் ஒன்பதைக் கொண்டுவந்து ஒரே மனையில் கவிழ்த்த மாதிரி. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு கரையை விட்டு வீடுகளுக்குள் புகுந்தது. மீனம்பாக்கத்தில் விமான நிலையத்தையே மூடினார்கள்.

அன்று காலை சென்னையில் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் வரவில்லை. செய்தி இருந்தது, எழுத ஆள் இருந்தார்கள், காகிதமும் மையும் இருந்தன. மறைமலை நகரில் உள்ள அச்சகத்துக்குத் தொழிலாளர்கள் போய்ச் சேர வழியில்லை. 1878-ல் தொடங்கிய ஒரு பத்திரிகையை ஜி.எஸ்.டி. சாலைத் தண்ணீர் நிறுத்திவிட்டது.

அதே நாட்களில் இணையத்தில் ஒரு பக்கம் உலவியது. திறந்தால் சென்னையின் வரைபடம். உங்கள் தெருவைத் தேடிப் பிடித்து, தண்ணீர் நின்றால் அதன் மேல் ஒரு தட்டு தட்ட வேண்டியது, தெரு சிவப்பாகும். அடுத்து அந்தப் பக்கத்தைத் திறப்பவருக்கு அந்தச் சிவப்பு தெரியும். மேப்பாக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த அருண் கணேஷும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தின் இந்தியத் தன்னார்வலர்களும் சேர்ந்து அவசரத்தில் கட்டியது அது. ஆயிரக்கணக்கான தெருக்கள் அதில் சிவந்தன. இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய விஷயம் அதன் முகவரியின் வால்: கிட்ஹப்.ஐஓ. அந்தப் பக்கத்துக்கென்று தனி சர்வர் கிடையாது, மாத வாடகை கிடையாது. கிட்ஹப் நிறுவனம் யாருக்கும் இலவசமாகக் கொடுக்கும் ஓர் ஓரத்து இடத்தில் அது இருந்தது. ஊரே ஒரே நேரத்தில் எட்டிப் பார்க்கும் பக்கம் இலவச இடத்தில் எப்படித் தாக்குப்பிடிக்கும்?

பதில் தாம்பரம் ரயில் நிலையத்தின் மேற்கு வாசலில், காலை ஏழு மணி டிபன் கடையில் இருக்கிறது. அங்கே இரண்டு விதமான சமையல் நடக்கும். தோசை கேட்டால் மாஸ்டர் கல்லைத் துடைத்து, மாவு ஊற்றி, எண்ணெய் விட்டுத் திருப்ப வேண்டும். ஒருவருக்கு நெய், ஒருவருக்கு முறுகல், இன்னொருவருக்கு வெங்காயம் வேண்டாம். இருபது பேர் ஒரே சமயம் தோசை கேட்டால் கல் திணறும். பதினைந்தாவது ஆள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பீச் ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவார். இட்லி அப்படியில்லை. அதிகாலையிலேயே ஈடு ஈடாக வெந்து தயாராக இருக்கிறது. கேட்டவுடன் எடுத்து இலையில் வைப்பதுதான் வேலை. எடுத்து வைக்கச் சமையல் தெரிந்த ஆள்கூட வேண்டாம்.

இணையதளங்களிலும் இந்த இரண்டு சாதி உண்டு. நீங்கள் ஒரு முகவரியைத் தட்டியதும் உங்கள் உலாவி தொலைவில் உள்ள ஒரு கணினிக்கு ‘இந்தப் பக்கத்தைக் கொடு’ என்று ஒரு சிறு கடிதம் போடுகிறது. தோசைத் தளமாக இருந்தால், அந்தக் கணினியில் ஒரு நிரல் விழித்துக்கொள்ளும். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும். வந்த விடைகளை அடுக்கி உங்களுக்கென்றே ஒரு பக்கத்தை ஊற்றி எடுக்கும். தரவுத்தளம் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குத்தான் பதில் சொல்லும் என்று ஒரு வரம்பு இருக்கும். வரிசை அதைத் தாண்டினால் எல்லாமே நிற்கும், அந்த இத்தனை பேருக்கும் சேர்த்து. இட்லித் தளத்தில் சர்வரில் ஓடும் நிரல் கிடையாது, தரவுத்தளம் கிடையாது. பக்கம் ஏற்கெனவே ஒரு கோப்பாக வெந்து கிடக்கிறது. கேட்டவருக்கு எல்லாம் அதே கோப்பு. சாதாரணக் கணினி ஒன்றே நொடிக்கு ஆயிரக்கணக்கானவருக்கு இப்படி எடுத்துக் கொடுத்துவிடும். இதை ‘ஸ்டேட்டிக்’ தளம் என்கிறார்கள். ‘நிலையான’ என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு; எனக்கு ‘வெந்த’ தளம் என்பதே பொருத்தமாகப் படுகிறது.

தட்கல் முன்பதிவு தோசைதான், வேறு வழியில்லை. ஒவ்வொரு நொடியும் காலி இருக்கை மாறுகிறது. ஆனால் தோசையாக இருக்கத் தேவையே இல்லாத எத்தனையோ பக்கங்கள் கல்லில் ஊற்றப்படுகின்றன. ஒரு பள்ளியின் விடுமுறைப் பட்டியல், கோயில் திருவிழா நிகழ்ச்சி நிரல், குடியிருப்போர் சங்கத்தின் அறிவிப்பு, ஒரு கிளினிக்கின் நேரம். இவையெல்லாம் வருடத்தில் நாலு தடவை மாறினால் அதிகம். இதற்குப் போய்த் தரவுத்தளம் வைத்து, அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் போட மறந்து, ஒருநாள் யாரோ புகுந்து சூதாட்ட விளம்பரம் ஒட்டிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். திருட வருகிறவனுக்கு இட்லிப் பானையில் பூட்டை உடைக்க வேலையில்லை. அங்கே ஓடும் நிரலே கிடையாது.

இணையதளங்கள் பிறந்ததே இட்லியாகத்தான். 1991-ல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்திலிருந்து டிம் பெர்னர்ஸ்-லீ உலகத்துக்குக் காட்டிய முதல் பக்கம் வெறும் எழுத்தும் இணைப்புகளும் கொண்ட ஒரு கோப்பு. தோசைக்கல் பிறகு வந்தது; கடை பெரிதாகப் பெரிதாக எல்லாவற்றையும் கல்லிலேயே ஊற்றும் பழக்கமும் வந்தது. 2008 கடைசியில் கிட்ஹப் தன் ‘பேஜஸ்’ சேவையைத் திறந்தபோது ஒரு விதத்தில் பழைய வழிக்கே திரும்பியது. நீ கோப்புகளைக் கொடு, நான் எடுத்து எடுத்து நீட்டுகிறேன் என்பதுதான் ஒப்பந்தம். எடுத்து நீட்டுவதற்கு ஆகும் செலவு அவ்வளவு குறைவு என்பதால்தான் இலவசம் சாத்தியமாகிறது.

வரம்பு உண்டு. தளத்தின் மொத்த எடை 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். மாதத்துக்கு 100 ஜிபி வரை வெளியே போகலாம். கேட்கச் சின்னதாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: எழுத்து மட்டும் உள்ள ஒரு பக்கம் 20 கேபி என்றால், 100 ஜிபியில் அதை 50 லட்சம் முறை கொடுக்கலாம். தாம்பரம் மாநகராட்சியில் உள்ள ஒவ்வொருவரும் மாதம் இரண்டு மூன்று தடவை திறந்து பார்த்தாலும் மிச்சம் இருக்கும். அதே பக்கத்தில் செல்பேசியில் எடுத்த 4 எம்பி படம் ஒன்றை அப்படியே ஏற்றினால் கதை கந்தல். அந்த ஒரு படம் 200 பக்கங்களுக்குச் சமம். வெள்ள நாளில் செல்பேசிக் கோபுரங்கள் பாதி படுத்துவிட்டன, நொடிக்கு 100 கிலோபிட் மட்டும் கசிகிறது என்று வையுங்கள். எழுத்துப் பக்கம் இரண்டு நொடிக்குள் வந்துவிடும். படம் வர ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பேட்டரி போய்விடும்.

தமிழில் எழுதினால் கொஞ்சம் எடை கூடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘தாம்பரம்’ என்ற சொல்லில் நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு எட்டு: த, கால், ம, புள்ளி, ப, ர, ம, புள்ளி. காலையும் புள்ளியையும் யூனிகோடு தனித்தனிக் குறிகளாக வைத்திருக்கிறது. இணையத்தில் பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ஆக 24 பைட். ஆங்கிலத்தில் அதே ஊர்ப் பெயர் எட்டு பைட்டில் முடிகிறது. மூன்று மடங்கு என்றதும் பயப்பட வேண்டாம். தமிழ்க் குறி எதுவானாலும் முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175, வேறு கிடையாது. இப்படி ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அதைச் சுருக்கி அனுப்பும் நிரல்களுக்குக் கொண்டாட்டம். உலாவியும் சர்வரும் தங்களுக்குள் பேசிக்கொண்டு பக்கத்தைச் சுருக்கியே அனுப்புகின்றன. நாம் போட்ட அதிக எடையில் பெரும்பகுதி வழியிலேயே இறங்கிவிடுகிறது.

வெந்த பக்கத்துக்கு இன்னொரு சௌகரியம்: நகல் எடுக்கலாம். எல்லாருக்கும் அதே கோப்பு என்றால் அது அமெரிக்காவில் ஒரே பெட்டியில் ஏன் கிடக்க வேண்டும்? உலகின் பல ஊர்களில் நகல் கிடங்கு வைத்து, கேட்பவருக்குப் பக்கத்து ஊரிலிருந்தே எடுத்துக் கொடுக்கும் தொழில் ஒன்று வளர்ந்திருக்கிறது. கிளவுட்ஃப்ளேர் என்ற நிறுவனம் 2015-ல் மும்பை, டெல்லி, சென்னை மூன்று ஊரிலும் இப்படிக் கிடங்கு திறந்தது. எந்த ஊர்க் கிடங்கிலிருந்து பதில் வந்தது என்பதை அந்த நிறுவனம் ஒவ்வொரு பதிலின் தலையிலும் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியாக எழுதி அனுப்புகிறது. நம்முடையது ‘எம்ஏஏ’. மீனம்பாக்கத்து விமானப் பெட்டிகளில் ஒட்டும் அதே சீட்டு.

நகலுக்கு ஒரு விலை உண்டு. கிட்ஹப் பேஜஸ் தன் ஒவ்வொரு பக்கத்தோடும் ‘இதைப் பத்து நிமிடம் வரை வைத்துப் பரிமாறலாம்’ என்ற குறிப்பையும் அனுப்புகிறது. நீங்கள் ஒரு வரியைத் திருத்தினால், பழைய வரியைச் சிலர் இன்னும் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திருவிழாப் பட்டியலுக்கு இது ஒன்றுமேயில்லை. தெருவில் தண்ணீர் ஏறும்போது பத்து நிமிடம் என்பது வாசற்படிக்கும் கட்டிலுக்கும் உள்ள தூரம்.

இந்த இடத்தில்தான் 2015 வரைபடத்தைக் கட்டியவர்களின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. அவர்கள் எது மாறும், எது மாறாது என்று முதலில் பிரித்தார்கள். பக்கத்தின் அமைப்பு, தெருவைத் தொட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற நிரல், இவை மாறாதவை. வெந்து கிட்ஹப்பில் கிடந்தன. நகரத்தின் சாலைகள் 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வந்தன. பல வருடமாக யார் யாரோ தங்கள் தெருவுக்குப் பெயர் எழுதி வைத்த உழைப்பு அது. மாறுவது ஒன்றே ஒன்று: எந்தத் தெரு சிவப்பு. அந்தச் சிறு பட்டியல் மட்டும் வேறொரு தரவுச் சேவையில் இருந்தது. பக்கம் உங்கள் செல்பேசிக்கு வந்து சேர்ந்த பிறகு, அதனுள் இருந்த நிரல் உங்கள் செல்பேசியிலேயே ஓடி அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி வரைபடத்தில் சிவப்புப் பூசியது. சமையல் சர்வரில் நடக்கவில்லை, பார்ப்பவர் ஒவ்வொருவர் கையிலும் நடந்தது. இட்லி கடையில் வெந்தது. சட்னியை மட்டும் அவரவர் வீட்டில் அரைத்துக்கொண்டார்கள்.

ஐந்து வருடம் கழித்து இன்னொரு கூட்டம் வேறு வழியைக் கண்டது. 2020 மார்ச்சில் தொடங்கிய கோவிட்19இந்தியா தளத்தில் தன்னார்வலர்கள் ஒவ்வொரு மாநில அறிக்கையையும் படித்துப் பொது விரிதாள் ஒன்றில் எண்களை ஏற்றினார்கள். கிட்ஹப்பில் ஒரு தானியங்கி அந்த விரிதாளை அடிக்கடி எடுத்துப் புதுக் கோப்புகளாக வேகவைத்து அடுக்கியது. பட்டியலும் இட்லிதான், ஆனால் அடிக்கடி புது ஈடு. நாடே பார்த்த அந்தத் தளம் 2021 அக்டோபர் 31 வரை இப்படி ஓடி, சொல்லிவிட்டு நின்றது.

சரி, நாம் ஒன்று செய்யலாம். செம்பாக்கத்திலோ சிட்லபாக்கத்திலோ ஏரிக்குப் பக்கத்துத் தெரு ஒன்றுக்கு. பெரிதாக வேண்டாம். ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும், வண்டியை எங்கே ஏற்றி நிறுத்தலாம், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077, மோட்டார் படகு கேட்க யாரைக் கூப்பிட வேண்டும். இதை நோட்பேட் போன்ற எளிய நிரலில் எழுதி, தலைப்புக்கும் பத்திக்கும் எச்டிஎம்எல் குறிகள் போட்டு, இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் என்ற பெயரில் சேமித்தால் அதுவே முகப்புப் பக்கம். முகவரிக்குப் பின்னால் எதுவும் சொல்லாமல் வருபவருக்கு சர்வர் இந்தப் பெயரில் உள்ள கோப்பைத்தான் தேடி எடுத்துக் கொடுக்கும். அது ஒரு பழைய வழக்கம். பக்கத்தின் தலையில் யூடிஎஃப்-8 என்று ஒரு வரி அறிவித்துவிடுங்கள். அதை விட்டால் சில இடங்களில் தமிழ் கிறுக்கலாக வரலாம். பிறகு கிட்ஹப்பில் ஒரு கணக்குத் தொடங்கி, ‘ரெப்போ’ எனப்படும் ஒரு பெட்டி திறந்து, கோப்பை ஏற்றி, அமைப்புகளில் பேஜஸை இயக்கிவிட்டால் ஓரிரு நிமிடத்தில் பக்கம் உலகத்துக்குத் திறந்துவிடும்.

எதிர்வீட்டுப் பெண் பி.காம் இரண்டாம் வருடம். இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் செய்து முடித்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். “அங்கிள், என் லேப்டாப்ல ஏரி படம் நல்லா வருது. அம்மா போன்ல பார்த்தா வெறும் கட்டம்தான் வருது.”

பார்த்தேன். கேமரா அந்தப் படத்தின் பெயரின் கடைசி மூன்று எழுத்தையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் வைத்திருந்தது. பக்கத்துக்குள் அவள் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள். விண்டோஸ் கணினிக்கு இரண்டும் ஒன்றுதான், பெருந்தன்மையாக விட்டுவிடும். இணைய சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுபவை. அதற்கு அது வேறு கோப்பு, இது வேறு கோப்பு. இந்த ஒரு விஷயத்தில் நான் இழந்த ஞாயிற்றுக்கிழமைகளை அவளிடம் சொல்லவில்லை. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது என்பது எவ்வளவு பெரிய நிம்மதி!

பக்கம் ஐந்து பத்தாகப் பெருகினால் ஒரு சலிப்பு வரும். எல்லாப் பக்கத்தின் அடியிலும் ஒரே தொலைபேசி எண். அது மாறினால் பத்து இடத்தில் திருத்த வேண்டும். இதற்குத்தான் ஜெகில், ஹ்யூகோ போன்ற நிரல்கள். கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர் வைத்திருக்கும் மாதிரி போலச் சட்டகம் ஒன்று, உள்ளடக்கம் வேறு. ‘பில்ட்’ என்று சொன்னதும் எல்லாப் பக்கத்தையும் ஒரே ஈடில் வேகவைத்துத் தரும்.

பெட்டிக்குள் இருப்பது கிட் என்ற நிரல். லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது. நீங்கள் ஒவ்வொரு முறை ‘கமிட்’ போடும்போதும் அந்த நிமிடத்து நிலையைப் படம் பிடித்து வைக்கும். ஒவ்வொரு நிலைக்கும் 40 எழுத்து நீளக் கைரேகை. கோப்பில் ஒரே ஒரு காற்புள்ளி மாறினாலும் கைரேகை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். தப்பாகத் திருத்திவிட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்ப வசதி. அதே ஞாபகசக்திதான் ஆபத்தும். தெருவில் தனியாக இருக்கும் முதியவர்களின் பெயரும் எண்ணும் போட்ட பட்டியலை ஏற்றிவிட்டு, ஐயோ என்று மறுநாள் அழித்தால் பக்கத்தில்தான் அழியும். பழைய படத்தில் அப்படியே இருக்கும், பொதுப் பெட்டியானால் யாரும் புரட்டிப் பார்க்கலாம். அந்தப் பட்டியல் சங்கச் செயலாளரின் நோட்டுப் புத்தகத்தில் இருக்க வேண்டியது.

இலவசம் என்றால் யார் தருகிறார்கள், எதுவரை தருவார்கள் என்ற கேள்வியும் நியாயம்தான். 1994-ல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் இப்படித்தான் எல்லாருக்கும் இலவச மனை கொடுத்தது. 1999-ல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. கோடிக்கணக்கான பக்கங்கள் போயின. கிட்ஹப்பும் 2018 முதல் மைக்ரோசாஃப்டுடையது. நாளை மனசு மாறலாம். வெந்த தளத்துக்கு ஓர் ஆறுதல் உண்டு: அது ஒரு சாதாரணக் கோப்புறை. அதன் நகல் உங்கள் கணினியில் இருக்கிறது. நெட்லிஃபை, கிளவுட்ஃப்ளேர் பேஜஸ், கிட்லேப் என்று எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அதே மாதிரி ஓடும். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், எழுத்துரு மாறி, குறியாக்கம் மாறி, இன்றும் தமிழ் நூல்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வெறும் கோப்புகளாக இருந்ததால் தூக்கிக்கொண்டு போக முடிந்தது.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் வேறு. இட்லி ஊசிப்போகும். 2015-ல் நல்ல மனசோடு ஒருவர் போட்ட பக்கத்தில் ‘தாம்பரம் நகராட்சி, காஞ்சிபுரம் மாவட்டம்’ என்று இருக்கும். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து மாநகராட்சியானது. அலுவலகம் மாறியது, எண்கள் மாறின. பக்கம் மட்டும் அன்று வெந்தபடியே பளபளவென்று இருக்கும், பார்த்தால் பழசு என்று தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அதிலுள்ள எண்ணுக்கு அழைப்பவருக்கு அப்போதுதான் தெரியும்.

ஐப்பசி பிறப்பதற்குள் உங்கள் தெருவுக்கு ஒரு பக்கம் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு எண்ணையும் ஒருமுறை நீங்களே அழைத்துப் பாருங்கள். அடியில் என்றைக்குச் சரிபார்த்தது என்று தேதி எழுதுங்கள். படத்தின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கட்டும்.